பச்சை நோட்டின் பின்பக்கம்

மார்ச் 4

கொசுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் உன் எண்ணை அடைத்துவிட்டேன். வேறு யார் போனிலிருந்தும் கூப்பிட்டு அழாதே. உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன் என்று உனக்குத் தெரியும். முப்பத்தேழு வருஷமாக அதை வைத்துத்தான் என்னிடம் காரியம் சாதித்து வருகிறாய். அழுவதாக இருந்தால் காகிதத்தில் அழு. மைதான் கரையும், நான் கரைய மாட்டேன்.

நேற்று பட்டறை முடிந்து வரும் வழியில் கார்டுக் கடைக்குப் போனேன். நம் மாயப்பட்டணம் ஆட்டத்தின் புதுக் கார்டுத் தொகுப்பு வந்திருந்தது. மூன்று பாக்கெட் வாங்கினேன். முதல் இரண்டில் ஒன்றும் உருப்படியாக இல்லை. மூன்றாவதைக் கடை வாசலிலேயே நின்று பிரித்தேன். பளபளவென்று ஒரு வசியக் கார்டு. பெயர் 'வாசல் இல்லாத வீடு'. அடியில் பொடி எழுத்தில், 'உருவாக்கியவர்: சென்ற ஆண்டின் வெற்றியாளர்' என்று போட்டு உன் பெயர்.

கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அடிச்சுட்டீங்களேக்கா லக்கு! இந்தக் கார்டுக்குத்தான் எல்லாரும் அலையறாங்க" என்றார். நான் கார்டையே வெறித்துப் பார்த்ததைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

அது என் கார்டு. எனக்குப் பதின்மூன்று வயது, உனக்கு ஒன்பது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அம்மை போட்டு, வெளியே தலை காட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லி, இருபது நாள் ஓர் அறைக்குள் அடைந்து கிடந்தோமே, அப்போது பச்சை அட்டை நோட்டில் நான் எழுதியது. 'இதோடு வேறு நான்கு வசியங்கள் உன் பக்கம் மேசையில் இருந்தால், எதிராளி எந்தக் கார்டையும் ஆட முடியாது. சுற்றுக்கு ஓர் உயிர் போகும்.' ஒரு சொல்லைக்கூட நீ மாற்றவில்லை. திருடுகிறவள் கொஞ்சம் உழைத்தாவது திருட வேண்டாமா?

பெரிய போட்டியில் ஜெயிக்கிறவர் ஒரு கார்டை உருவாக்கலாம் என்பதற்காகவே இருபத்தெட்டு வருஷம் அதைப் பொத்தி வைத்திருந்தேன். நான் ஜெயிக்கவில்லை, நீ ஜெயித்தாய். சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன். பட்டறையில் அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, "என் தங்கச்சியாக்கும்" என்று பீற்றிக்கொண்டேன். நவம்பரில் நீ வந்து மூன்று நாள் தங்கினாய். குளிருகிறது என்று என் அலமாரியில் போர்வை தேடினாய். நான் அப்போது வீட்டில் இல்லை.

இதற்கு நீ பதில் சொல்லியாக வேண்டும். வாயால் சொன்னால் போதாது.

அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்கா,

அன்புள்ள என்று போட்டதற்காகக் கடிதத்தைக் கிழித்துவிடாதே. கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

ஆமாம், போர்வை தேடும்போது நோட்டு கண்ணில் பட்டது. ஆமாம், போனில் படம் எடுத்தேன். எடுக்கும்போது திருடும் எண்ணம் இல்லை, சும்மா ஞாபகத்துக்காகத்தான் எடுத்தேன். முப்பது நாளுக்குள் உங்கள் கார்டை அனுப்புங்கள் என்று நிறுவனத்திலிருந்து எழுதியிருந்தார்கள். இருபத்தெட்டு நாள் ஆகியும் என் மண்டையில் ஒன்றுமே உதிக்கவில்லை. எனக்கு ஆடத்தான் தெரியும், உண்டாக்கத் தெரியாது. கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவளைக் கார் செய்யச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. இருபத்தொன்பதாம் நாள் உன்னுடையதை அனுப்பிவிட்டேன். உன்னிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை போனை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

தப்புதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த அறையில் நானும்தானே இருந்தேன்? நீ எழுதிய ஒவ்வொரு கார்டையும் அட்டையில் வெட்டி, எதிரே உட்கார்ந்து ஆடிப் பார்த்தது யார்? இருபது நாளும் தோற்றுத் தோற்று உன் கார்டுகளைச் சரி பார்த்துக் கொடுத்தது யார்? நோட்டு உன்னுடையது. தோல்வி மொத்தமும் என்னுடையது. அதற்கு ஒரு பங்கும் கிடையாதா?

அந்தக் கார்டு வந்ததிலிருந்து எனக்கு எங்கே போனாலும் மரியாதை. விட்டுப்போன வரி ஏதாவது இருந்தால், முதல் வருஷத்துக்குள் ஒரே ஒரு முறை அதைச் சேர்க்கும் உரிமைகூட எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆட்டத்தின் நடுவிலேயே கேட்கலாம். கார்டை முதன்முதலில் எழுதிய காகிதத்தை நடுவரிடம் காட்டினால் போதும்.

ஒரு வேண்டுகோள். நிறுவனத்துக்கு மட்டும் எழுதிவிடாதே. 'இது முழுக்க என் சொந்தக் கற்பனை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பொய் என்று தெரிந்தால் கார்டையே எல்லா ஆட்டத்திலிருந்தும் விலக்கிவிடுவார்களாம்.

உன் தங்கை


மார்ச் 30

கொசுவுக்கு,

காகிதத்தைக் காட்ட வேண்டுமாம்! எந்தக் காகிதத்தைக் காட்டுவாய்? உன் போனில் இருக்கும் படத்தையா?

நிறுவனத்துக்கு நான் எழுதப் போவதில்லை, பயப்படாதே. எழுதினால் வருந்துகிறோம் என்று நான்கு வரியில் பதில் வரும். அவர்கள் வருத்தம் எனக்கு எதற்கு? ஆகஸ்டில் பெரிய போட்டி. போன வருஷம் ஜெயித்தவள் என்பதால் நீ நேரே அரையிறுதியில் வந்து உட்காருவாய். நான் நான்கு ஆட்டம் ஜெயித்தால் உன் எதிரே வந்துவிடுவேன். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: நூறு பேர் பார்க்க, 'இது என் அக்காவுடைய கார்டு' என்று உன் வாயால் நீ சொல்ல வேண்டும். சொல்ல வைப்பேன்.

அதற்கு அறுபது கார்டில் ஒரு டெக், புதுக் கட்டு ஒன்று, கட்டுகிறேன். வழக்கமாக நான் ஆடுகிற மாதிரி பூதங்களை அனுப்பி முட்டி மோதுகிற டெக் இல்லை. முழுக்க வசியம். பூதம் அடித்தால் அடியோடு போயிற்று, மந்திரம் போட்டால் போட்ட நிமிஷத்தோடு சரி. வசியம் அப்படியில்லை. யாராவது உடைக்கிற வரைக்கும் மேசையிலேயே உட்கார்ந்திருக்கும். என் கோபமும் அப்படித்தான் இருக்கிறது.

எங்கள் பட்டறையில் மூக்குக்கண்ணாடி லென்ஸைக் கால் மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்த்தால் ஃபிரேமிலிருந்து கழன்று விழும். குறைவாகத் தேய்த்தால் திருகை முடுக்கும்போது விரிசல் விடும். டெக்கும் அதே வேலைதான். அறுபதில் இருபத்திரண்டு, மற்றதை ஆட வைக்கிற சக்திக் கார்டுகளுக்குப் போய்விடும். மீதி முப்பத்தெட்டில் எதை வைப்பது, எதை எடுப்பது என்று ஒரு வாரமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றையும் உனக்கு எழுதப் போகிறேன். தெரிந்துகொண்டே தோற்றுப்போ.

முதலில் 'இரவல் குடை', மூன்று. எதிராளியின் கார்டு ஒன்றைப் பிடுங்கி நான் ஆடலாம். இதை எதற்காக வைத்தேன் என்று உனக்கே தெரியும். முதல் வேலைக்கு நேர்முகம் என்று என் நீலக் குடையை வாங்கிக்கொண்டு போனாய். பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்றாய். என் முதல் சம்பளத்தில் வாங்கிய குடை. உனக்கு வேலை கிடைத்தது, எனக்குக் குடை கிடைக்கவில்லை.

இன்னொரு விஷயம். நோட்டில் ஒரு பக்கத்தைத்தான் நீ படம் எடுத்திருக்கிறாய், அவசரக்காரி. காகிதத்துக்குப் பின்பக்கம் என்று ஒன்று உண்டு.

அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

சண்டைக்கு வருகிறவள் தன் டெக்கைத் தானே எழுதி அனுப்புவதை இப்போதுதான் பார்க்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும். வசியமா வைக்கப் போகிறாய்? சந்தோஷம். என் டெக்கில் நான்கு உடைப்புக் கார்டுகளைச் சேர்த்துவிட்டேன். நீ ஒன்றை வைப்பாய், நான் ஒன்றை உடைப்பேன். நீ வைக்க வைக்க நான் உடைத்துக்கொண்டே இருப்பேன்.

பின்பக்கத்தில் என்ன இருக்கும்? உன் பின்னக் கணக்குதான் இருக்கும். பூச்சாண்டி காட்டாதே, எனக்கு ஒன்பது வயது இல்லை.

குடை விஷயத்தை இருபது வருஷம் கழித்துத் தோண்டியெடுத்திருக்கிறாய். அன்றைக்குக் கொட்டிய மழைக்கு நான் என்ன செய்வேன்? அந்த வேலைக்குப் போய் முதல் மாதச் சம்பளத்தில் உனக்கு என்ன வாங்கிக் கொடுத்தேன் என்பதை மட்டும் மறந்துவிடுவாய். உன் ஞாபகசக்தி ஒரு பக்கம்தான் வேலை செய்யும்.

இன்றைக்கு ஒரு பெரியவருக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் கண்ணை மூடிக்கொள்கிறார். "கண்ணத் திறங்க சார், ரோடு உங்கள ஒண்ணும் பண்ணாது" என்றேன். "அதுக்கில்லம்மா, நான்தான் ரோட்ட ஏதாவது பண்ணிருவேன்" என்கிறார். என் பக்கத்தில் இருக்கிற இன்னொரு பிரேக்தான் எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றியது. முன்பெல்லாம் இந்த மாதிரிக் கதைகளை உனக்குத்தான் முதலில் சொல்வேன்.

தங்கை


மே 3

கொசுவுக்கு,

பெரியவர் கதைக்குச் சிரித்தேன். சிரித்ததற்கு என்மேலேயே கோபம் வந்தது. இனிமேல் அப்படி எதுவும் எழுதாதே.

அடுத்தது 'எட்டிப் பார்க்கும் கண்', மூன்று. எதிராளி தன் கையிலுள்ள கார்டு ஒன்றை எனக்குக் காட்ட வேண்டும். சின்ன வயதில் என் முதுகுக்குப் பின்னால் இருந்த பீரோக் கண்ணாடியில் என் கார்டுகளைப் பார்த்துப் பார்த்து ஆடினாயே, அதன் நினைவாக வைத்தேன். எனக்குத் தெரியாது என்று இத்தனை வருஷமாக நினைத்திருப்பாய். தெரிந்துதான் விட்டேன். நீ ஜெயித்தால்தான் சாப்பிடுவாய்.

அதற்கடுத்தது 'காலி நாற்காலி', மூன்று. எதிராளியின் மிகப் பெரிய பூதம் நகர முடியாது. இதை நான் விளக்க வேண்டுமா? அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்த அன்றைக்கு வார்டில் இரண்டு நாற்காலி போட்டார்கள். ஒன்றில் நான் உட்கார்ந்தேன். இன்னொன்றில் என் பை உட்கார்ந்தது. நீ தகுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தாய். கட்டோடு படுத்திருந்த அம்மா கையை நீட்டித் தடவிப் பார்த்து, "கொசு வந்துட்டாளா?" என்றாள். அவள் கை என் பையின்மேல் இருந்தது.

இந்தக் கார்டை உறையில் போடும்போது எனக்குக் கண் எரிந்தது. இதை வைத்துத்தான் உன்னை அடிப்பேன்.

மற்றதெல்லாம் இடத்தை அடைக்கிற சில்லறைச் சாமான். ஈரச் சுவர், மண் தரை, தாழ்ந்த கூரை, ஊமைத் தூண் என்று மலிவான வசியங்கள். சுவர் இரண்டு உயிரைத் தாங்கும், தரை ஒரு கார்டு கூடுதலாக எடுக்க விடும், அவ்வளவுதான். அப்புறம் உன் பெயர் போட்ட அந்தக் கார்டு, மூன்று. இரண்டைக் கடையில் தேடி வாங்கினேன். "உங்க தங்கச்சிகிட்டயே கேட்டா தரமாட்டாங்களா?" என்றார் கடைக்காரர். "அவ வாங்கத்தான் செய்வா, தரமாட்டா" என்றேன்.

அக்கா


மே 21

அக்கா,

அந்த நாற்காலியைக் கொண்டு வா. அது மேசைக்கு வந்த நிமிஷமே உடைப்பேன். மூன்று வைத்திருக்கிறாயா? மூன்றையும் உடைப்பேன். நான்காக இருந்த உடைப்புக் கார்டு இப்போது பன்னிரண்டு. அதற்காக என் நல்ல பூதங்களில் எட்டை எடுத்துவிட்டேன். எடுத்தால் எடுத்ததுதான்.

அறுவை சிகிச்சை எந்தத் தேதி என்று நீ எனக்கு எப்போது சொன்னாய்? முந்தின நாள் சாயங்காலம். நான் பஸ் ஏறியாகிவிட்டது, பெயர் கொடுத்தாகிவிட்டது. "நீ வந்து என்ன ஆகப்போகுது, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது யார்? எப்போதும் இதே கதைதான். எல்லாவற்றையும் நீயே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வாய். அப்புறம் காலி நாற்காலியைக் காட்டுவாய். எனக்கு உட்கார இடம் விட்டாயா, அக்கா, எப்போதாவது?

இதை எழுதும்போது எனக்கும் கண் எரிகிறது. அம்மாவின் கை உன் பைமேல் இருந்ததை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். அதை எழுதினாய் பார், அதற்கு உன்னைச் சும்மா விட மாட்டேன்.

தங்கை


ஜூலை 30

கொசுவுக்கு,

இனிக் கடிதம் இல்லை. பத்தொன்பதாம் தேதி அரங்கில் பார்க்கலாம். பச்சை நோட்டைக் கொண்டுவருகிறேன். என் கைக்குப் பக்கத்தில் மேசைமேல் மூடி வைத்திருப்பேன்.

அம்மா, "ரெண்டு பேருக்கும் எப்பத்தான்டி வயசாகும்?" என்று கேட்கிறாள். ஆட்டம் முடிந்ததும் ஆகிவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 22

கொசுவுக்கு,

இறுதி ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டேன். அது சப்பென்று அரைமணி நேரத்தில் முடிந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நம் ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டும். என்ன நடந்தது என்று உனக்கு இன்னும் புரிந்திருக்காது.

நான் குடையை வைத்தேன். வைத்த கையை எடுப்பதற்குள் உடைத்தாய். கண்ணை வைத்தேன். உடைத்தாய். நாற்காலியை வைத்தபோது உன் காதுமடல் சிவந்தது. அதை உடைத்தாய், இரண்டாவதையும் உடைத்தாய், மூன்றாவது வரட்டும் என்று கையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாய். அந்த நேரத்தில் ஈரச் சுவர் வந்தது. நீ பார்க்கவில்லை. மண் தரை வந்தது. பார்க்கவில்லை. கூரையையும் தூணையும் நான் வைத்தபோது நீ என் முகத்தைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாய். சுவர், தரை, கூரை, தூண். நான்கு வசியம், கொசு. குடைக்கும் நாற்காலிக்கும் போன உடைப்பில் ஒன்றே ஒன்றைச் சுவருக்குப் போட்டிருந்தால் நான் அன்றைக்குத் தோற்றிருப்பேன்.

எந்தக் கார்டு உன்னைச் சுடுமோ அதற்கு ஒரு கதை எழுதினேன். எந்தக் கார்டு உன்னைக் கொல்லுமோ அதைச் சில்லறை என்று ஒரே வரியில் தள்ளினேன். எழுதியதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் நீ கார்டைப் பார்த்து உடைக்க மாட்டாய், வலிக்கிற இடத்தைப் பார்த்துத்தான் உடைப்பாய். உன்னை வளர்த்தவள் நான். எனக்குத் தெரியாதா?

பிறகு வீட்டை வைத்தேன். உன்னால் எதையும் ஆட முடியவில்லை, கையில் பிடித்திருந்த உடைப்பைக்கூட. உனக்குப் பதினெட்டு உயிர் இருந்தது. பதினெட்டு சுற்று. சுற்றுக்கு ஒன்றாக நான் எண்ணினேன், நீ பார்த்துக்கொண்டிருந்தாய். தோற்றேன் என்று எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. பதினோராவது சுற்றில் நடுவர் குனிந்து, "இது உங்க கார்டுதானம்மா? விட்டுப்போன வரி ஏதாவது இருந்தா இப்பச் சொல்லலாம், உங்களுக்கு உரிமை இருக்கு" என்றார். நீ நோட்டைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். பின்பக்கம் உனக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று உன் கண்ணிலேயே தெரிந்தது.

பின்பக்கத்தில் இருக்கிற வரி இதுதான்: 'எதிராளி தன் கையிலுள்ள கார்டுகளை எல்லாம் திறந்து மேசைமேல் வைத்துவிட்டால் வீடு உடையும்.' அந்த வரியைக் கேட்டால் நீ தப்பித்திருப்பாய். கேட்க வேண்டுமானால் என் நோட்டைக் கேட்க வேண்டும். 'அக்கா, அந்த நோட்டைக் கொடு.' நான்கே வார்த்தை. அதை உன் வாயிலிருந்து கேட்கத்தான் ஐந்து மாதம் உழைத்தேன்.

நீ, "இல்ல சார். அச்சுல இருக்கறதுதான்" என்றாய்.

ஆக, தோற்றாலும் தோற்பாய், திருட்டை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டாய். அரங்கமே எனக்குக் கை தட்டியது. உன் நெஞ்சழுத்தத்துக்கு முன்னால் அந்தக் கோப்பை எனக்குத் தூசு. ஆனாலும் எடுத்துக்கொண்டேன்.

அக்கா


செப்டம்பர் 2

அக்கா,

பதினோராவது சுற்றில் ஞாபகம் வந்தது உண்மை. எப்படி வந்தது என்று சொல்கிறேன். அம்மை அறையில் அந்த வீட்டை வைத்து இரண்டு நாளாக என்னை அடித்துக்கொண்டிருந்தாய். நான் கார்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். நீ வந்து, "சரி அழாத, உனக்குன்னு ஒரு வழி வைக்கிறேன்" என்று நோட்டைத் திருப்பி எழுதினாய். பின்பக்கம் என்பது அதுதான். எனக்காக எழுதிய வரி. என் கார்டுகளை எல்லாம் திறந்து வைத்தேன், வீடு உடைந்தது. அந்த இருபது நாளில் நான் நேர்மையாக ஜெயித்த ஒரே ஆட்டம் அது.

அந்த வழியை மூடி, மேலே கையை வைத்துக்கொண்டு, பதினெட்டு சுற்றும் என் எதிரே உட்கார்ந்திருந்தாய். நான் திருடினேன். நீ செய்ததற்கு என்ன பெயர்?

நான் ஏன் கேட்கவில்லை என்று சொல்கிறேன். கேட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். என் கையில் பெரிய பூதம் இரண்டு இருந்தது, உன்னிடம் ஐந்து உயிர்தான் மிச்சம். ஆனால் நோட்டு நடுவர் கைக்குப் போன நிமிஷமே நான் போட்ட கையெழுத்து பொய் என்று ஆகிவிடும். கார்டை விலக்கிவிடுவார்கள். இதை நான் மார்ச்சிலேயே உனக்கு எழுதினேன். என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளப் பயந்து எழுதியதாக நீ எடுத்துக்கொண்டாய். அந்தக் கார்டு இன்றைக்கு ஆயிரம் பேர் கையில் இருக்கிறது. யார் பெயர் போட்டிருந்தாலும் அதை எழுதியவள் நீ. ஒரு முறை அதைத் திருடினேன், இன்னொரு முறை கொல்லவும் வேண்டுமா?

தங்கை தியாகம் செய்துவிட்டாள் என்று நினைத்து உருகிவிடாதே, அக்கா. இது தியாகம் இல்லை, பழி. நீ எழுதிய நாற்காலிக்கும் பைமேல் இருந்த கைக்கும் பழி. கோப்பையைத் துடைக்கும்போதெல்லாம் உனக்கு நினைவு வரட்டும். நீ ஜெயிக்கவில்லை. நான் விட்டேன். பீரோக் கண்ணாடி தெரிந்தும் நீ எனக்கு விட்டுக்கொடுத்த ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆட்டமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொரு உண்மையையும் சொல்லித் தொலைக்கிறேன். நீலக் குடை பஸ்ஸில் தொலையவில்லை. ஒரு கம்பி வளைந்துவிட்டது, சொல்லப் பயந்தேன். இன்னும் என் காரின் பின்சீட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது.

தங்கை


செப்டம்பர் 17

கொசுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு இரண்டு லென்ஸைக் கெடுத்தேன். பதினாறு வருஷத்தில் ஒரே நாளில் இரண்டு கெட்டது அன்றைக்குத்தான். முதலாளி, "கண்ணு சரியில்லன்னா நம்ம கடையிலயே டெஸ்ட் பண்ணிக்கோங்கம்மா" என்றார்.

பின்பக்கத்தை மூடி வைத்தது தப்பு. உனக்காக எழுதியது என்பது எனக்கு மறக்கவில்லை, தெரிந்துதான் மூடினேன். அம்மாவின் கையைக் கடிதத்தில் எழுதியதும் தப்பு. இதை ஒரு முறை சொல்லிவிட்டேன், மறுபடி சொல்லச் சொல்லாதே.

உன் பழி நன்றாகவே பட்டது. கோப்பையைத் துடைக்க முடியவில்லை, அலமாரிக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன். அம்மா கேட்டதற்கு, பித்தளை கறுக்கும் என்று ஒரு பொய் சொன்னேன். நீ ஜெயித்துவிட்டாய் என்றுதான் பத்து நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று நிறுவனத்திலிருந்து படிவம் வந்தது. முப்பது நாளுக்குள் என் கார்டை அனுப்ப வேண்டுமாம். போன வருஷம் உனக்கு வந்த அதே படிவம்.

முதல் கட்டத்தில் கார்டின் பெயர். பிறகு வகை, விதி, படம். ஐந்தாவது கட்டம், 'இது முழுக்க என் சொந்தக் கற்பனை' என்று கையெழுத்துப் போட. அதற்குக் கீழே ஆறாவது கட்டம். அதில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். 'இல்லையெனில், கற்பனை யாருடையதோ அவர் பெயர்.'

அப்படி ஒரு கட்டம் இருப்பதை நீ எனக்குச் சொல்லவே இல்லை. கையெழுத்துப் போட்டேன், விலக்கிவிடுவார்கள் என்று பயம் காட்டினாய். ஆறாவது கட்டத்தில் என் பெயரை எழுதியிருந்தால் கையெழுத்தும் வேண்டாம், பயமும் வேண்டாம். கார்டும் பிழைத்திருக்கும், நாமும் பிழைத்திருப்போம். அதைக் காலியாக விட்டுத் தாண்டிப் போனாய்.

நேற்று பச்சை நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். கடைசிக்கு முந்தின பக்கத்தில் பென்சிலில் ஒரு கார்டு இருக்கிறது. கோணல்மாணலான எழுத்து, ஒன்பது வயது. 'கொசு. வசியம். எதிராளியின் மேல் உட்காரும். சுற்றுக்கு ஒரு தடவை கடிக்கும். அடித்தால் வேறு இடத்தில் போய் உட்காரும்.' உன்னை ஏன் கொசு என்று கூப்பிட ஆரம்பித்தோம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நல்ல கார்டு. உண்டாக்கத் தெரியாது என்று எழுதியிருந்தாயே, உனக்கு உன் கையெழுத்தே தெரியவில்லை. என் நோட்டில் திருட ஏதாவது கிடைக்குமா என்று தேடினாய், உன்னுடையது அங்கேயே இருந்தது.

அதைத்தான் அனுப்புகிறேன். ஐந்தாவது கட்டத்தில் கோடு போட்டு அடித்தேன். ஆறாவது கட்டத்தில் உன் பெயரை எழுதினேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

படிவத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அந்தக் கட்டம் நிரம்பியிருந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள். கார்டு அச்சாகி வந்ததும் எல்லோரும் உன்னைத் தேடி வந்து, "உங்கக்கா ஜெயிச்சு உங்க பேரைப் போட்டிருக்காங்களே, பெரிய மனசு" என்பார்கள். போகிற இடமெல்லாம் மரியாதை என்று எழுதியிருந்தாயே, இதையும் வாங்கிக்கொள்.

போன் எண்ணை இன்னும் திறக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு நேரில் வா. கம்பியை நான் நிமிர்த்திக்கொள்கிறேன்.

அக்கா